ரீல் விடாமல் ஷோரீல் செய்வது எப்படி

'ரீல் விடுறான்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசைன் படிக்கும் மாணவர்கள் கடைசி வருடத்தில் செய்கிற ஷோரீல்களைப் பார்த்தால் நிறைய ரீல் அந்த அர்த்தத்தில்தான் இருக்கும். எங்கிருந்தோ இறக்கிய டெம்ப்ளேட், யாரோ செய்த மாக்கப் (டிசைனை நிஜப் பொருளின் மேல் ஒட்டியதுபோல் காட்டும் தயார் படம்), புகைக்குள்ளிருந்து பறந்து வரும் பெயர், கண்ணைக் கூச வைக்கும் ஒரு வெளிச்சக் கீற்று, நடுவில் எங்கேயோ இரண்டே நொடி அவர்கள் கையால் வரைந்த லோகோ. என் முதல் ரீலும் இதே ரகம்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஷோரீல் என்பது உங்கள் வேலைகளில் பொறுக்கி எடுத்த சிலதை ஒரு நிமிடத்துக்குள் அசைய வைத்துக் கோர்த்த வீடியோ, அவ்வளவுதான். வேலைகளை விளக்கத்தோடு காட்டும் தொகுப்பான போர்ட்ஃபோலியோ வேறு. ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன் எல்லாப் புடவையையும் ஆறு கஜமும் விரித்துக் காட்டுவதில்லை, முந்தானையைச் சட்டென்று உதறிக் காட்டுவார், நம் கண் எதில் நிற்கிறதோ அதை மட்டும் முழுசாகப் பிரிப்பார். ஷோரீல் அந்த முந்தானை. ஏன் இந்த நிறம், எத்தனை முறை மாற்றி வரைந்தேன், யாருக்காகச் செய்தேன் என்ற கதையெல்லாம் போர்ட்ஃபோலியோவுக்கு.

என்னுடைய முதல் ரீல் 2 நிமிடம் 40 நொடி. ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு இன்டர்வியூ போனபோது அங்கே இருந்த சீனியர் அதை என் முன்னாலேயே ஓட விட்டார். 15 நொடி பார்த்தார், அப்புறம் மவுஸைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். நான் இரண்டு வாரம் கண் விழித்துச் செய்த சுற்றும் பூமி உருண்டை அரை நொடியில் கடந்து போனது. ஒரு பஸ் டிக்கெட்டை நான் மறுபடி வடிவமைத்திருந்தேன், ரீலில் அதற்கு ஒன்றரை நொடிதான் கொடுத்திருந்தேன், அதில் நிறுத்தி "இது ஏன் இந்த சைஸ்?" என்று கேட்டார். கண்டக்டர் விரலிடுக்கில் மடித்து வைக்கிற அளவு அது, அதனால்தான் என்றேன். "இதை ஏன் ரீல்ல காட்டலை?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த மடிப்பை அசைத்துக் காட்ட ஒரு நொடி போதும், நான் பூமியைச் சுற்ற வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எனவே முதல் வேலை கழிப்பது. மென்பொருளைத் திறக்க வேண்டாம். இதுவரை செய்த எல்லா வேலைகளையும் தீப்பெட்டி அளவில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, தரையில் பரப்புங்கள். அந்த அளவிலேயே எதுவும் சொல்லாத வேலை திரையில் மூன்று நொடி வந்தாலும் எதுவும் சொல்லாது, எடுத்துவிடுங்கள். ஐந்து லோகோ இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நான்கும் அதே திறமையைத்தான் திரும்பச் சொல்கின்றன. கஷ்டப்பட்டுச் செய்தது என்பதற்காக எதையும் உள்ளே விடாதீர்கள், பார்க்கிறவருக்கு உங்கள் கஷ்டம் தெரியாது. ஆறு வேலை மிஞ்சினால் போதும், ஐந்தும் போதும். அதில் மிகச் சிறந்ததை முதலில் வையுங்கள், இரண்டாவது சிறந்ததைக் கடைசியில். ரகசியத்தைக் கடைசி வரை காப்பாற்றி வெடிக்க வைப்பதெல்லாம் சினிமாவுக்குச் சரி, இங்கே ஆள் 15-வது நொடியில் எழுந்து போய்விடுவார்.

குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்று மூலையில் சின்னதாக எழுதிவிடுங்கள்: 'எழுத்துரு, பேக்கேஜிங்' என்று இரண்டு சொல் போதும். ஒரே குழுவில் இருந்த மூன்று பேர் ஒரே ஸ்டுடியோவுக்கு விண்ணப்பித்து, மூன்று ரீலிலும் அதே போஸ்டர் 'என்னுடையது' என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது பாட்டு. ஆமாம், படத்துக்கு முன்னால் பாட்டு. பிடித்த சினிமாப் பாட்டைப் போடலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம். யூடியூபில் ஏற்றினால் அதன் கன்டென்ட் ஐடி (காப்புரிமை உள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பிடித்துக்கொள்ளும், சத்தம் போகலாம், சில நேரம் வீடியோவே முடங்கலாம், அதுவும் நீங்கள் லிங்க்கை நாலு பேருக்கு அனுப்பிய பிறகு. அது ஒரு பக்கம் இருக்கட்டும், தெரிந்த பாட்டு வந்தால் பார்க்கிறவர் மனசு அந்தப் படத்துக்குப் போய்விடுகிறது, உங்கள் போஸ்டரில் இருப்பதில்லை. யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கும் இசை போதும், அல்லது பறை, கஞ்சிரா வாசிக்கிற நண்பர் யாராவது இருந்தால் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி ஃபோனிலேயே பதிவு செய்யுங்கள். ஆனால் தாளம் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று அடுத்த பத்தியில் கணக்கோடு சொல்கிறேன்.

ரீலை நொடிக்கு 25 ஃபிரேம் (ஃபிரேம் என்றால் வீடியோவின் ஒரு தனிப் படம்) என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் நாட்டு டிவி அந்த வேகம்தான். பாட்டு 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு. ஒரு தட்டுக்கு 0.6 நொடி, அதாவது சரியாக 15 ஃபிரேம். நாலு தட்டு சேர்ந்தால் ஒரு சுற்று, 60 ஃபிரேம், 2.4 நொடி. இருபது சுற்று போட்டால் 48 நொடி. ஒரு மாணவர் ரீலுக்கு அது தாராளம். இதே கணக்கை 120 பிபிஎம் பாட்டுக்குப் போட்டால் ஒரு தட்டுக்கு பன்னிரண்டரை ஃபிரேம் வரும், அரை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது, தட்டோடு சேர்ந்து விழ வேண்டிய ஒவ்வொரு வெட்டையும் (ஒரு காட்சி அடுத்ததற்கு மாறும் இடம்) முன்னே பின்னே தள்ளித் தள்ளி வைக்க வேண்டியிருக்கும் (24 ஃபிரேமில் வேலை செய்தால் 120-க்கு அழகாக 12 வந்துவிடும், அதனால் பாட்டைப் பார்த்து ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தாலும் சரிதான்). எனக்கு இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து காதால் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது கட்டம் போட்ட நோட்டில் இருபது கட்டம் போடுங்கள், ஒரு கட்டம் ஒரு சுற்று. முதல் கட்டம் பெயருக்கு, கடைசிக் கட்டம் தொடர்பு விவரத்துக்கு. மிச்சம் பதினெட்டு. ஆறு வேலைக்கும் மூன்று மூன்றாகப் பங்கு போடத் தோன்றும், அப்படிப் போட்டால் ரீல் பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி ஆகிவிடும். 4, 3, 3, 2, 2, 4 என்று போட்டுப் பாருங்கள். முதல் வேலை மூச்சு விடுகிறது, நடுவில் வேகம் ஏறுகிறது, கடைசியில் மறுபடி நிதானம். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி, எது எங்கே எவ்வளவு என்று தெரிந்து வைக்க வேண்டும்.

அப்புறம்தான் கம்ப்யூட்டர். அப்போதும் எதையும் அசைக்காதீர்கள். வேலைகளின் ஸ்டில் படங்களை மட்டும் நோட்டில் போட்ட கணக்குப்படி டைம்லைனில் பாட்டோடு அடுக்குங்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். அரை நாள் வேலை. அதை டிசைன் தெரியாத ஒருவரிடம் ஓட விட்டுக் காட்டுங்கள், நான் அம்மாவிடம் காட்டினேன். "அந்த மிட்டாய் கவர் நல்லாருக்கு. நடுவுல நீலமா ஏதோ ஓடுச்சே, அது என்னது?" என்றார். நீலமாக ஓடியது மூன்று மாதம் செய்த மருத்துவமனை ஆப். அனிமேட்டிக்கிலேயே தெரிந்ததால் ஒரு சுற்றை அங்கே தள்ளி, ஆறு திரைகளை இரண்டாகக் குறைத்துச் சரி செய்ய முடிந்தது. எல்லாவற்றையும் அசைத்து முடித்த பிறகு இதைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். எழுத்து வரும் இடங்களில் இன்னொரு சோதனை: திரையில் இருக்கும் வரியை மனதுக்குள் நிதானமாக இரண்டு முறை படியுங்கள். முடிப்பதற்குள் போய்விட்டால் நேரம் போதவில்லை, அல்லது வரி நீளம்.

சரி, இப்போது அசைப்போம்.

கீஃப்ரேம் என்பது ஒரு குறிப்பு. 0-வது ஃபிரேமில் பொருள் இடது பக்கம், 15-வது ஃபிரேமில் வலது பக்கம் என்று இரண்டு குறிப்பு கொடுத்தால் நடுவில் உள்ளதை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது முழுக்க ஒரே வேகத்தில் நிரப்பும். உலகத்தில் எதுவும் அப்படி நகர்வதில்லை. டவுன் பஸ்ஸைப் பாருங்கள், ஸ்டாப்பில் இருந்து உறுமிக்கொண்டு மெதுவாகக் கிளம்பும், நடுவில் பறக்கும், அடுத்த ஸ்டாப் வரும்போது தேய்ந்து தேய்ந்து நிற்கும், நின்ற பிறகும் உள்ளே இருக்கிறவர்கள் ஒரு தடவை முன்னே சாய்ந்து பின்னே வருவார்கள். இந்தக் கிளம்புதலும் தேய்தலும்தான் ஈஸ். கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் ஈஸி ஈஸ் வந்துவிடும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், எஃப்9 எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஈஸ் போடுகிறது, இரும்புப் பெட்டியும் இறகும் ஒரே மாதிரி நகரும். கிராஃப் எடிட்டரைத் திறந்து, அதில் அசைவைக் காட்டும் வளைவைக் கையால் இழுத்துப் பழகுங்கள். முதலில் ஒரு வெறும் வட்டத்தை வைத்து ஒரு மணி நேரம் விளையாடினால் போதும், கை பிடிபட்டுவிடும்.

டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இரண்டு அனிமேட்டர்கள் 1981-ல் அனிமேஷனின் 12 அடிப்படைகளை எழுதி வைத்தார்கள். இன்றைக்கும் எல்லா வகுப்பிலும் அதுதான் பாடம். அதில் முதலாவது, பொருள் தரையில் மோதும்போது அமுங்கி, எழும்பும்போது நீளும் என்பது. மாணவர்கள் இதைக் கற்றுக்கொண்ட வாரத்தில் எல்லாமே ரப்பர் பந்து ஆகிவிடும். லோகோ துள்ளும், புத்தகம் துள்ளும், வங்கி ஆப் துள்ளும். பணத்தைத் துள்ளுகிற பட்டனை நம்பி யார் கொடுப்பார்கள்?

என் இரண்டாவது ரீலின் முதல் வேலை ஒரு கடலை மிட்டாய் பாக்கெட். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, சரி, இதற்கு ஒரு உறை வடிவமைப்போம் என்று வகுப்பில் எடுத்துக்கொண்ட பயிற்சி வேலை. முதலில் நானும் மிட்டாயை மேலிருந்து விழ வைத்துத் துள்ள வைத்தேன். பார்க்கச் சப்பென்று இருந்தது, ஏன் என்று ரொம்ப நேரம் புரியவில்லை. அப்புறம் ஒரு மிட்டாயை வாங்கிக் கையில் வைத்து உடைத்தேன். கடலை மிட்டாய் அமுங்காது, துள்ளாது, 'டக்' என்று உடையும், உடைந்த ஓரம் கோணலாக இருக்கும், ஒன்றிரண்டு கடலைப் பருப்பு சிதறும். என் உறையின் சிவப்புப் பட்டை சாய்ந்திருந்ததே அந்த உடைந்த கோணத்தைப் பார்த்து வரைந்ததுதான், அதையே நான் மறந்திருந்தேன்.

அதனால் மாற்றிப் போட்டேன். முதல் தட்டின் 15 ஃபிரேமும் மிட்டாய் வெறுமனே இருக்கிறது, ஒன்றும் அசையவில்லை. இரண்டாவது தட்டில் விரிசல், அது இரண்டே ஃபிரேம், ஈஸ் எதுவும் கிடையாது, உடைவதற்கு ஏது நிதானம். அடுத்த எட்டு ஃபிரேமில் இரண்டு துண்டும் கொஞ்சம் விலகி, நாலு டிகிரி திரும்பி, தேய்ந்து நிற்கின்றன. இரண்டு பருப்பு மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. மூன்றாவது தட்டில் விரிசலின் அதே கோட்டிலிருந்து சிவப்புப் பட்டை விரிந்து உறையாகிறது. நாலாவது தட்டு முழுக்க மறுபடி அசைவே இல்லை, உறையைப் பார்க்கட்டும் என்று விட்டேன். ஒரு சுற்று, 60 ஃபிரேம், அதில் அசைவு இருப்பது பாதிக்கும் குறைவு. எனக்குத் தெரிந்து அந்த ரீலில் உருப்படியான இடம் அதுதான். எப்படி அசைப்பது என்று மென்பொருளிடம் கேட்டுப் பயனில்லை, டிசைனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மற்ற வேலைகளுக்கும் இதே கேள்விதான். பஸ் ரூட் மேப் என்றால் கோடு ஸ்டாப் ஸ்டாப்பாக ஓடி வரலாம். பஸ் டிக்கெட் என்றால் மடியட்டும். ஆப் என்றால் விரல் எங்கே தொடுகிறதோ அங்கிருந்து அடுத்த திரை பிறக்கட்டும். அச்சடித்த புத்தகம் கையில் இருக்கிறதா, அதை அனிமேட் செய்ய வேண்டாம், புரட்டிப் படமெடுங்கள். இறக்கிய மாக்கப்பில் மரமேஜை, காபிக் கோப்பை, ஒரு செடி என்று வருகிறதே, அதே மேஜையை எல்லார் ரீலிலும் பார்த்துப் பார்த்து ஸ்டுடியோக்காரர்களுக்கு அலுத்துவிட்டது. மொட்டை மாடியில் காலை வெயில், ஒரு வெள்ளை வேட்டி, ஃபோன் ஸ்டாண்ட், இவ்வளவுதான் செலவு. வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டரை (ஒரு படம் பதிவாக எடுக்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 நொடி என்று வையுங்கள். நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, விளக்கு அந்தக் கணக்கில் துடிக்கும், ஷட்டர் ஒத்துப்போகாவிட்டால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும்.

தமிழ் எழுத்தை அசைப்பது தனிப் பாடு. ஆங்கிலத்துக்கு எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் ரெடிமேட் அனிமேஷனை எடுத்துத் தமிழில் போட்டுப் பாருங்கள், 'கொ' வரும்போது கொம்பு ஒரு பக்கம், 'க' ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிளம்பிவிடும் அபாயம் உண்டு. அதற்கு முன்னால், எழுத்தே சரியாக வருகிறதா என்று பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான என்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் செய்வது: சொல்லை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, அவுட்லைனாக (எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக) மாற்றி, 'கொ' ஒரு லேயர், 'டை' ஒரு லேயர் என்று முழு எழுத்தாகப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்து அசைப்பது. அவுட்லைன் ஆன பிறகு பிழை திருத்த முடியாது, அதனால் ஒற்று மிகுமா மிகாதா என்பதையெல்லாம் அதற்கு முன்பே யாரிடமாவது கேட்டுவிடுங்கள். முக்தா மலர், பலூ தம்பி, கேடமரான் மாதிரி கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன, யூனிகோடுக்கு முந்தைய பாமினிக் காலத்து எழுத்துருக்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

'ழ' எழுதப்படுவது போல் வர வேண்டும் என்றால் அவுட்லைன் மேல் ட்ரிம் பாத்ஸ் (கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்ற வைக்கும் வசதி) போட்டால் வராது, அது எழுத்தின் ஓரத்தைச் சுற்றித்தான் ஓடும். பென் டூலால் எழுத்தின் நடுவில், நீங்கள் கையால் எழுதும் அதே வரிசையில் ஒரு தடிமனான கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்கு ட்ரிம் பாத்ஸ் கொடுத்து, எழுத்துக்கு அதை மேட் ஆக, அதாவது கோடு ஓடிய இடத்தில் மட்டும் எழுத்து தெரியும்படி, வைக்க வேண்டும். வரிசை முக்கியம். 'ழ'வைக் கீழிருந்து மேலே எழுதுவதுபோல் ஓட விட்ட ஒரு ரீலைப் பார்த்திருக்கிறேன், என்ன தப்பு என்று சட்டென்று சொல்ல வராது, ஆனால் உறுத்தும்.

ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போக, வெட்டுங்கள். தட்டு விழும் இடத்தில் நேராக வெட்டினாலே போதும். ரூட் மேப்பின் வட்ட ஸ்டாப் அப்படியே ஆப்பின் வட்ட பட்டனாக மாறுவது மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் வடிவம் ஒத்துவந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வராத இடத்தில் இழுத்துக் கட்ட வேண்டாம். பக்கம் சுருளுவது, கண்ணாடி உடைவது இதையெல்லாம் கல்யாண வீடியோக்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும், மாணவர்களுக்குச் சலுகை இருந்தாலும் எல்லாராலும் முடியாது. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் முழுக்க இலவசம், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்புக்குள்ளேயே ஃபியூஷன் என்ற அனிமேஷன் பகுதி இருக்கிறது, மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை இவற்றிலும் செய்யலாம். கம்ப்யூட்டர் திணறினால் பிரிவியூவைப் பாதித் தரத்தில் ஓட விடுங்கள்.

கடைசியில் ரெண்டர், அதாவது செய்ததையெல்லாம் இறுதிக் கோப்பாக மாற்றுவது, கரண்ட் போகிற நேரம் அதுதான். நேரடியாக வீடியோவாக ரெண்டர் போட்டு 90 சதவீதத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு அநேகமாகத் திறக்காது, முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனி பிஎன்ஜி படமாக ரெண்டர் போடுங்கள். 48 நொடிக்கு 1200 படம். 1080-வது படத்தில் கரண்ட் போனால் 1080-லிருந்து தொடரலாம். எல்லாம் வந்த பிறகு பாட்டோடு சேர்த்து எச்.264 எம்பி4 வீடியோவாக மாற்ற சில நிமிடம்தான் ஆகும். 1920க்கு 1080 அளவு, 12 எம்பிபிஎஸ் பிட்ரேட் (நொடிக்கு 12 மெகாபிட்) வைத்தால் கோப்பு 72 எம்பி சுற்றி வரும். அதை வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த மெல்லிய கோடெல்லாம் கூழாகிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது விமியோ, யூடியூப் லிங்க். ஃபோனில் சத்தம் இல்லாமல் ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்கள், பஸ்ஸில் வரும்போது பார்க்கிற ஆளுக்கு உங்கள் பாட்டு கேட்கப்போவதில்லை.

கடைசிச் சுற்றில் பெயர், நீங்கள் செய்யும் வேலை, மின்னஞ்சல், ஃபோன் எண். அது அசையவே வேண்டாம், அப்படியே நிற்கட்டும், கடைசி ஃபிரேமை இன்னும் இரண்டு நொடி நீட்டினாலும் தப்பில்லை. என் கூடப் படித்த ஒருத்தர் இந்த ஒரு கார்டை மட்டும் மூன்று நாள் அனிமேட் செய்தார், ஒவ்வொரு எழுத்தும் நூலில் கோர்த்த மணி மாதிரி வந்து உட்காரும், நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். பதினொரு இடத்துக்கு அனுப்பினார், ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து அவர் தம்பிதான் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, ஜிமெயில்ல ஒரு 'ஐ' குறையுதே?"